ஒரே காட்சி, மூன்று விதமான வெளிச்சம்: கேமராவில் குறை எங்கே?

திருமங்கலத்தைச் சேர்ந்த ஒரு தம்பியின் கேள்வி இது. ஒருவர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை, 18-55 லென்ஸும் 50 எம்.எம். லென்ஸும் சேர்த்து வாங்கியிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் ஒரே இடத்தில் நின்று அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று சரியாக வந்திருக்கிறது, அடுத்தது இருண்டிருக்கிறது, இன்னொன்று வெளுத்துப்போயிருக்கிறது. பகலில் பாலமேடு ஜல்லிக்கட்டில் எடுத்தபோது அவ்வளவு மோசமில்லை. ஆனால் காளை பாய்ந்து வரும் தொடர் படங்களில் அங்கேயும் வெளிச்சம் ஏறி இறங்கியிருக்கிறது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டியதற்கு, ஷட்டர் (படம் எடுக்கும் நொடியில் திறந்து மூடி ஒளியை உள்ளே விடும் பகுதி) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, கேமரா வாங்கிய விலையில் பாதியைக் கேட்கிறாராம். மாற்றிவிடலாமா என்கிறார்.

வேண்டாம், தம்பி. ஷட்டர் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஷட்டரைக் கைகாட்டவில்லை. பணத்தை எடுப்பதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது.

டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும் அதை எப்படி எடுத்தது என்ற கணக்கையும் எழுதி வைக்கிறது. எக்சிஃப் என்பது அதுதான். கேமராவில் படத்தைப் பார்க்கும்போது தகவல் பொத்தானை அழுத்தினாலே தெரியும். சரியாக வந்த படம் ஒன்று, கெட்டுப்போன படம் ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு நான்கு எண்களை ஒப்பிடுங்கள்: ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்), ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்), எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (கேமராவின் கணக்குக்கு மேல் நீங்கள் கூட்டும் அல்லது குறைக்கும் ஒளி). எண்கள் மாறியிருந்தால், காட்சியைப் பார்த்து கேமரா தானாக மாற்றியிருக்கிறது என்று பொருள். அது பழுதில்லை, நீங்கள் அதற்குக் கொடுத்திருக்கும் அதிகாரம். எண்கள் அப்படியே இருந்தும் படம் மாறியிருந்தால், வெளிச்சம் மாறியிருக்க வேண்டும், அல்லது பிளாஷ் மாறியிருக்க வேண்டும், அல்லது கேமரா தான் எழுதிவைத்த எண்ணின்படி நடக்காமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வகைக்குத்தான் பழுதுபார்க்கும் கடை. மற்றதற்கெல்லாம் கடைக்குப் போவது வீண் செலவு.

உங்களுக்கு வந்திருப்பது ஒரே குறை அல்ல, இரண்டு என்பது என் கணிப்பு. பாலமேட்டுப் படங்களில் எண்கள் மாறியிருக்கும். மண்டபத்துப் படங்களில் எண்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

பாலமேட்டை முதலில் பார்த்துவிடலாம். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்குக் காளை எது, கல் எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு, சாம்பலாக வருகிற அளவுக்கு ஒளியைக் கூட்டும் அல்லது குறைக்கும். வாடிவாசலிலிருந்து கறுப்புக் காளை படச்சட்டத்தை நிறைத்துக்கொண்டு வரும்போது, 'இருட்டாக இருக்கிறதே' என்று மீட்டர் ஒளியைக் கூட்டுகிறது. காளை சாம்பலாகிறது, பின்னால் நிற்பவரின் வெள்ளைத் துண்டு எரிந்துபோகிறது. அடுத்த நொடியில் காளை ஒதுங்கி, வேலிக்கு மேலே வெள்ளைச் சட்டைக் கூட்டமும் வானமும் சட்டத்துக்குள் வந்தால், அதே மீட்டர் ஒளியைக் குறைத்துவிடுகிறது. இவ்வளவு நேரமும் வெயில் மாறவே இல்லை. மாறியதெல்லாம் சட்டத்துக்குள் இருந்த கறுப்பும் வெளுப்பும்தான்.

இதற்கு மருந்து எம் முறை, அதாவது ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் நீங்களே வைக்கும் முறை. வெயில் மாறாத இடத்தில் மீட்டரை ஒவ்வொரு படத்துக்கும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை. மேகமில்லாத நல்ல வெயிலுக்கு பிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. அப்பர்ச்சர் எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ்: ஐ.எஸ்.ஓ. 100-க்கு ஏறக்குறைய 1/100 நொடி. இதையே ஜல்லிக்கட்டுக்கு ஏற்ப மாற்றினால் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, 1/1600 என்று வரும். காளையின் கால்கள் உறைந்து நிற்க இந்த வேகம் போதும். முதல் காளை வருவதற்கு முன் ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளுப்பு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ஒளியை ஒரு படி, அதாவது பாதியாக, குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேகம் மறைக்கும் வரை எண்களைத் தொடாதீர்கள். திரையில் தெரியும் படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். தை மாதத்து வெயிலில் எந்தத் திரையும் இருட்டாகத்தான் தெரியும்.

எம் முறையில் வைத்தும் எண் மாறுகிறது என்று சிலர் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை அணைக்காதவர்கள். ஷட்டரையும் அப்பர்ச்சரையும் கையில் எடுத்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ.வை கேமராவிடம் விட்டுவிட்டால், அது அந்த ஒன்றை வைத்தே எல்லா ஆட்டமும் ஆடிவிடும். இன்னொன்று உங்கள் 18-55. இந்த வகை லென்ஸ் பெரும்பாலும் 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 3.5 என்று வைத்துவிட்டு ஜூம் செய்தால், உள்ளே வரும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். எம் முறையில் அதை ஈடுகட்ட யாரும் இல்லை. எஃப் 5.6-லேயே வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

ஒருவர் பயன்படுத்திய கேமராவில், முன்னவர் வைத்த செட்டிங் என்னென்ன தங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூன்று படங்களுக்கு ஒரு சுற்றாக, சரி, இருட்டு, வெளுப்பு, மறுபடியும் சரி, இருட்டு, வெளுப்பு என்று ஒழுங்காக மாறினால், அது பிராக்கெட்டிங். கேமரா வேண்டுமென்றேதான் அப்படி எடுக்கிறது. சில கேமராக்களில் அணைத்து மறுபடி போட்டாலும் இது நீங்காது. அதேபோல மீட்டரிங் ஸ்பாட்டில் நின்றுவிட்டிருந்தால், சட்டத்தில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் பார்த்து முழுப் படத்துக்கும் தீர்ப்பு எழுதப்படும். வட்டம் மாப்பிள்ளையின் வேட்டியில் விழுந்தால் படம் இருட்டு, பெண்ணின் கூந்தலில் விழுந்தால் படம் வெளுப்பு. நிக்கான் கேமராக்களில் இந்த வட்டம் நீங்கள் தேர்ந்த ஃபோகஸ் புள்ளியோடு சேர்ந்து நகரும். கேனானின் பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்.களில் நடுவிலேயே நிற்கும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்பதைவிட, மெனுவில் எல்லா செட்டிங்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதியை ஒருமுறை அழுத்திவிடுவது நல்லது. காம்பென்சேஷன் சக்கரம் கேமராவின் மேலே தனியாக இருந்தால் அதை மட்டும் கண்ணால் பார்த்துப் பூஜ்யத்தில் வையுங்கள். பையில் வைத்து எடுக்கும்போதே அது உருண்டுவிடும்.

இனி மண்டபம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் நல்ல ஷட்டர்கள் பல வீணாக மாற்றப்படுவது இந்த இடத்தில்தான்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேமராவுக்குத் தெரியும். ஒரு துடிப்புக்கு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம். ஷட்டரை 1/100-இல் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு விழுகிறது. 1/50-இல் இரண்டு. படத்துக்குப் படம் வேறுபாடு இருக்காது. 1/500-இல் வைத்தால் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. அது உச்சியா பள்ளமா என்பது உங்கள் விரல் அழுத்திய நேரத்தைப் பொறுத்தது. எண்கள் நான்கும் ஒன்றாக இருக்கும், படம் மட்டும் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கியும் வரும். சில வேளை நிறமும் சேர்ந்து மாறும்: ஒன்றில் முகம் மஞ்சளடிக்கும், அடுத்ததில் பச்சையடிக்கும்.

இதைவிட மோசமானது, ஒரே படத்துக்குள் ஒரு பாதி இருண்டு மறு பாதி வெளுப்பாக இருப்பது. வேகமான ஷட்டரில் சட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு சிறு பிளவு மேலிருந்து கீழே ஓடுகிறது. அது ஓடும் நேரத்துக்குள் விளக்கு மங்கினால் ஓட்டத்தின் பிற்பகுதி இருளும். மின்னணு ஷட்டர் உள்ள கேமராக்களில் இந்த ஓட்டம் இன்னும் மெதுவாக நடப்பதால், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகவே விழும். மண்டபங்களில் விளக்குகளை மூன்று பேஸிலும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மணவறையின் இடப்பக்க விளக்கு உச்சியில் இருக்கும்போது வலப்பக்க விளக்கு இறங்கிக்கொண்டிருக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடினால் அந்த 50 என்ற எண்ணும் நிலையாக நிற்காது. இந்தப் படங்களைக் கடையில் காட்டினால், பார்ப்பவர் ஷட்டர் என்றுதான் சொல்வார். படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

பிரித்தறிவது எளிது. ஷட்டர் குறை வெயிலிலும் வரும், ஏறக்குறைய எப்போதும் ஒரே ஓரத்தில் வரும். விளக்கின் துடிப்பு வெயிலில் வராது, இருண்ட பட்டை படத்துக்குப் படம் இடம் மாறும். உங்கள் பாலமேட்டுப் படங்களில் 1/1000-க்கு மேல் எடுத்தவை இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கும் பட்டை இல்லையென்றால் ஷட்டரைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மண்டபத்து விளக்கு எப்படி என்று தெரிய, செல்போனின் ஸ்லோமோஷனில் அதை ஒரு நொடி பிடித்துப் பாருங்கள். மோசமான விளக்கு படபடவென்று துடிப்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கேனான் 2014-இல் 7டி மார்க் 2 கேமராவில், துடிப்பின் உச்சியைப் பார்த்துக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பிறகு வந்த மற்றவர்களின் கேமராக்கள் பலவற்றிலும் இது இருக்கிறது. உங்கள் மெனுவில் இருந்தால் போட்டுவையுங்கள். பர்ஸ்ட் வேகம், அதாவது தொடர்ந்து படம் எடுக்கும் வேகம், சற்றுக் குறையும், பரவாயில்லை. இல்லாவிட்டால் 1/100-ஐத் தாண்டாதீர்கள். மேடைக்குப் பின்னால் இப்போது வைக்கிறார்களே, அந்த எல்.இ.டி. திரைக்கு இந்த வசதி உதவாது. அதன் துடிப்பு வேறு கணக்கு. அங்கேயும் மெதுவான ஷட்டர்தான் கைகொடுக்கும்.

மீட்டரின் ஏமாற்றும் விளக்கின் துடிப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்க வேண்டுமானால், விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். கடைக்குக் கடை தலைக்கு மேல் எல்.இ.டி. பல்பு. கீழே மல்லிகைக் குவியல். அப்பர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும் ஏ முறையில் எடுத்தால் மல்லிகை அழுக்குச் சாம்பலாக வரும், ஏனென்றால் சட்டம் முழுக்க வெள்ளை. காம்பென்சேஷனை ஒன்று, ஒன்றரை படி கூட்டினால்தான் மல்லிகை மல்லிகையாகத் தெரியும். அதே கூட்டலோடு பக்கத்தில் கனகாம்பரக் கூடைக்குத் திரும்பினால் படம் வெளுத்துவிடும். இதற்கிடையில் ஷட்டர் 1/320-க்குப் போயிருந்தால் பல்புகளும் தம் பங்குக்கு விளையாடும். எண்ணைப் பார்த்து எது மீட்டர், எது பல்பு என்று பிரித்துப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆட்கள் மூட்டையோடு வருவார்கள், வழியை மட்டும் மறிக்காதீர்கள்.

பிளாஷ் போட்டு எடுத்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. மண்டபம் என்றால் போட்டிருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். டி.டி.எல். முறையில் பிளாஷ் முதலில் ஒரு சிறு மின்னலை அடித்து, திரும்பி வரும் ஒளியை அளந்து, அதற்கேற்ப உண்மையான மின்னலை அடிக்கிறது. பட்டுப்புடவையின் ஜரிகையோ, மணவறை அலங்காரத்துக் கண்ணாடியோ அந்தச் சிறு மின்னலைத் திருப்பி அடித்தால், 'போதும் போதும்' என்று பிளாஷ் அடங்கிவிடும். முகம் இருட்டாகிவிடும். பெண் கொஞ்சம் திரும்பி ஜரிகை விலகினால் அடுத்த படம் பளிச்சென்று வரும். பிளாஷின் அளவு பெரும்பாலும் அந்த நான்கு எண்களில் வராது. அதனால் எக்சிஃப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே இருக்கும்.

பிளாஷில் போடும் செல்லின் (பேட்டரியின்) பலவீனமும் இதே போலத்தான் தெரியும். முழுப் பலத்தில் அடித்த பிளாஷ் மறுபடி நிறைய சில நொடிகள் வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் யார் காத்திருப்பார்கள்? முதல் படம் நன்றாக வரும், இரண்டாவது பாதி, மூன்றாவது இருட்டு. வரிசையாக இறங்கிக்கொண்டே போனால் செல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சாதாரண அல்கலைன் செல்லைவிட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வேகமாக நிறைக்கும். பலத்தைக் கையால் 1/8-இல் வைத்துவிட்டால் நாலைந்து படத்துக்குத் தடையில்லாமல் வரும், ஜரிகையும் ஏமாற்றாது.

காரணமே இல்லாமல் ஒரே ஒரு படம் மட்டும் வெளுத்திருந்தால், அது உங்கள் பிளாஷ் இல்லாமலும் இருக்கலாம். தாலி கட்டும் நொடியில் பெண் வீட்டுக் கேமராக்காரர், மாப்பிள்ளை வீட்டுக் கேமராக்காரர், வீடியோக்காரர், சித்தப்பா மகன் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்துகிறார்கள். அடுத்தவரின் மின்னல் உங்கள் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் விழுந்தால் உங்கள் படம் போச்சு. இதற்கு வைத்தியம் கிடையாது. இன்னும் இரண்டு படம் கூடுதலாக எடுப்பதுதான் வழி.

இத்தனையும் கழிந்த பிறகும் எண்கள் ஒன்றாக இருந்து படம் மாறினால், அப்போது இயந்திரத்தைச் சந்தேகிக்கலாம். அங்கேயும் ஷட்டருக்கு முன் லென்ஸைப் பாருங்கள். டி.எஸ்.எல்.ஆரில் நீங்கள் பார்க்கும்போது அப்பர்ச்சர் முழுக்கத் திறந்தே இருக்கும். பொத்தானை அழுத்திய பிறகுதான் அதன் இதழ்கள் எஃப் 8-க்கோ எஃப் 11-க்கோ சுருங்கும். இதழ்களில் எண்ணெய் படிந்திருந்தால் சுருங்கத் தாமதமாகும், ஷட்டர் அதற்குள் திறந்து மூடிவிடும், படம் வெளுக்கும். லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் இளகித்தான் இதழ்களுக்கு வந்து சேர்கிறது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேமராப் பையை விட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதன் அடையாளம் தெளிவானது: முழுக்கத் திறந்து எடுத்தால் எல்லாப் படமும் சரி, எஃப் 11-இல் எடுத்தால் சில படம் வெளுப்பு, நீண்ட நேரம் சும்மா இருந்த லென்ஸில் முதல் படம் மோசம். படம் எடுக்காமலே அப்பர்ச்சரைச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தான் இருந்தால் எஃப் 16-இல் வைத்து, லென்ஸின் முன்பக்கம் பார்த்தபடி அழுத்துங்கள். இதழ்கள் வெடுக்கென்று சுருங்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் லென்ஸைப் பிரித்துத் துடைக்க வேண்டும், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

நேர்மாறாக, சில பென்டாக்ஸ் கேமராக்களில், குறிப்பாக கே-30, கே-50 இரண்டிலும், அப்பர்ச்சரை இயக்கும் சிறிய மின்காந்தம் ஒட்டிக்கொண்டு இதழ்கள் முழுக்க மூடிவிடும். படம் கன்னங்கரேலென்று வரும். பரவலாக அறியப்பட்ட குறை அது. உங்களுடையது அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸும் கேமராவும் தொடும் பித்தளை நிறப் புள்ளிகள் அழுக்காக இருந்தாலும் அப்பர்ச்சர் தவறும். நூல் பிரியாத துணியில் துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாளும் அழிப்பானும் வேண்டவே வேண்டாம். அழிப்பானின் தூள் நேராக கேமராவுக்குள் போகும்.

ஸ்டாண்டில் வைத்து எடுப்பவர்களுக்கு ஒன்று மட்டும். டி.எஸ்.எல்.ஆரின் மீட்டர் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கண்ணை எடுத்து ரிமோட்டில் அழுத்தினால், பின்னால் இருக்கும் ஃப்ளட் லைட்டின் வெளிச்சம் வியூஃபைண்டர் வழியே நுழைந்து மீட்டரை ஏமாற்றும். படம் இருட்டாகும். கையால் மறைத்தாலே போதும்.

ஷட்டரை நீங்களே சோதிக்க ஒரு காலைப்பொழுது போதும். வெயில் நேராக விழாத, ஆனால் வெளிச்சம் நிலையாக உள்ள ஒரு சுவர். ஸ்டாண்டு, எம் முறை, நிலையான ஐ.எஸ்.ஓ., நிலையான ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), 50 எம்.எம். லென்ஸ் முழுக்கத் திறந்தபடி. வரிசையாகப் பத்துப் படம். பத்தும் ஒன்றுபோல இருந்தால் ஷட்டரை மட்டும் ஒவ்வொரு படியாக வேகமாக்கி, அதற்கு ஈடாக ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிக்கொண்டே போங்கள். 1/4000 வரை சட்டம் முழுக்கச் சமமாக வந்தால் ஷட்டருக்கு ஒன்றுமில்லை. உயர்ந்த வேகத்தில் மட்டும் ஒரு ஓரம் இருண்டால், பழுது பார்ப்பவர் சொன்னது சரி. பிறகு லென்ஸை எஃப் 11-க்குச் சுருக்கி இன்னொரு பத்து. இதில் மட்டும் வெளுத்தால் கேமராவைத் தொடாமல் லென்ஸை மட்டும் கொடுங்கள்.

கடைக்குப் போவதானால் இந்தப் படங்கள் இருக்கும் கார்டையும் கொண்டுபோங்கள். மண்டபத்துப் படங்களைக் காட்டாதீர்கள். உங்கள் லென்ஸை அவருடைய கேமராவிலும், அவருடைய லென்ஸை உங்கள் கேமராவிலும் போட்டு, வெயிலில் நின்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காமல் ஷட்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் வேறு கடை பாருங்கள். கேமரா எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணைக் காட்டி அவர் பயமுறுத்தலாம். தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர்.களின் ஷட்டருக்கு ஒரு லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதைத் தாண்டியும் நன்றாக ஓடுபவை நிறைய.

அடுத்த முகூர்த்தத்துக்கு: எம் முறை, 1/100, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 1600, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. அணைந்திருக்கட்டும். பிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி 1/8. கூரை உயரமாகவோ நிறமடித்தோ இருந்தால் 1/4. பெண் அழைப்பின்போதே நாலு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். செல் இரண்டு செட் வைத்திருங்கள், ஒன்றைச் சட்டைப் பையில்.